உணவு மறுப்பு நோயில் சத்து மாத்திரைகளின் இடம்: 15 வயதுச் சிறுமி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் 15 வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய பெற்றோர் அழைத்து வந்தனர். எடை குறைந்துகொண்டே போகிறது, முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது, மலச்சிக்கல் தீரவில்லை, ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பவை அவர்கள் சொன்ன குறைகள். கொங்குப் பகுதியில் பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் ஓர் ஊரைச் சேர்ந்த குடும்பம் அது. மகள்மீது அக்கறையில் எந்தக் குறையும் வைக்காத பெற்றோர். (அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதற்காக, ஒரே வகை நோயுள்ள சிறுமியர் பலரிடம் காணப்படுபவற்றை இணைத்து இந்த நிகழ்வு எழுதப்பட்டுள்ளது.)

தாய் தன் கையோடு ஒரு கட்டைப்பையைக் கொண்டுவந்திருந்தார். மேசைமீது அதைக் கவிழ்த்தபோது, பல்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, முடிக்கென்று வாங்கிய 10 மில்லிகிராம் பயோட்டின் (பி வகை வைட்டமின்) மாத்திரை, துத்தநாக சிரப், கால்சியம், ஒமேகா-3 காப்ஸ்யூல், பசி எடுப்பதற்கான டானிக், பாதி காலியான புரோட்டீன் பவுடர் டப்பா ஆகியவை வரிசையாக வெளியே வந்தன. "ஒரு இட்லி முழுசாத் திங்க மாட்டேங்கறா டாக்டர். மாத்திரைய மட்டும் ஒரு வேளை விடாமப் போட்டுக்குவாளுங்க" என்றார் அவர். இந்த நோயின் இயல்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அந்தப் பையில் இருந்தவற்றுள் எது தேவைப்பட்டது, எது வீண், எது கெடுதல் செய்தது, பையில் இல்லாத எது முதலில் கொடுக்கப்பட வேண்டியிருந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

நோய் வந்த விதம் புதிதல்ல. முந்தைய ஆண்டு ஜூலையில் பள்ளியில் எடை பார்த்தபோது 49 கிலோ இருந்தாள். உயரம் 156 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு அது சரியான எடை. தீபாவளிக்கு வந்த உறவினர் ஒருவர் "என்ன கண்ணு, நல்லாப் பூசினாப்புல ஆயிட்ட" என்று சொல்லிப் போனார். அவள் முதலில் இனிப்பை விட்டாள், பிறகு எண்ணெயை, பிறகு இரவுச் சாப்பாட்டை. படிப்பதாகச் சொல்லி மொட்டை மாடியில் புத்தகத்தோடு மணிக்கணக்கில் நடந்தாள். ஜனவரி வாக்கில் அவள் ஒரு நாளில் உண்டது ஏறத்தாழ 600 கலோரி. 13 முதல் 15 வயதுப் பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் கணக்கிட்டிருக்கிறது. ஏப்ரலில் அவள் எடை 35 கிலோ.

பரிசோதனையில் படுத்த நிலையில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 44, எழுந்து நின்றதும் 82. இரத்த அழுத்தம் 88/52. விரல்கள் சில்லிட்டு நீலம் பாய்ந்திருந்தன. முதுகிலும் கைகளிலும் பூனைமுடி போன்ற மெல்லிய ரோமம் படர்ந்திருந்தது. உடல் நிறை குறியீட்டெண் 14.4; அந்த வயதுப் பெண்களின் நடுவெண்ணோடு ஒப்பிட்டால் சுமார் 72 விழுக்காடு. அனோரெக்ஸியா நெர்வோசா, அதாவது எடை கூடும் அச்சத்தால் உணவை மறுக்கும் நோய், என்ற நோயறிதலில் எங்களுக்கு ஐயம் இருக்கவில்லை. நாடித்துடிப்பு பகலிலேயே 50க்குக் கீழும், இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90க்குக் கீழும் இருந்ததால் அன்றே உள்நோயாளியாகச் சேர்த்தோம்.

ஆனால் அவள் எங்களிடம் வந்து சேர்வதற்குள் வேறொரு நோயின் பெயர் அவள்மீது ஒட்டியிருந்தது. வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனையில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். மிகக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்ஸின் அதிகமாகவும் காட்டியிருந்தன. எடை குறைகிறது, தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, ஆகவே காரணம் கிடைத்துவிட்டது என்று குடும்பம் நிம்மதி அடைந்திருந்தது. தைராய்டு மிகையாகச் சுரந்தால் நாடி 44இல் நிற்காது. 110, 120 என்று ஓடும். முரண்பாட்டின் காரணம் கட்டைப்பையில் இருந்த பயோட்டின் மாத்திரைதான். பல ஆய்வகக் கருவிகள் இந்த ஹார்மோன்களை அளப்பதற்குப் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் இணையும் முறையையே பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் அந்த இணைப்பு குலைந்து, டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் தைராக்ஸின் பொய்யாக உயர்ந்தும் தெரியும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே இதுபற்றி எச்சரித்தது. மாத்திரையை நிறுத்தி 72 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தபோது டி.எஸ்.எச். இயல்பாகவும், மற்றொரு தைராய்டு ஹார்மோனான டி3 மட்டும் குறைவாகவும் இருந்தன. பட்டினியில் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதன் அடையாளம் அது. அதற்குத் தைராய்டு மருந்து எதுவும் தேவையில்லை. முடிக்காக வாங்கிய மாத்திரை ஒன்று நோயறிதலையே சில வாரங்கள் திசைதிருப்பியது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் "வைட்டமின்தானே, என்ன செய்துவிடப் போகிறது" என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது.

இரும்புச்சத்தும் அப்படித்தான். ஹீமோகுளோபின் 10.8 இருந்ததால் இரத்தசோகை என்று மாத்திரை தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அவளுக்குக் குறையவில்லை. இயல்பின் மேல்வரம்பை ஒட்டி நின்றது. நீண்ட பட்டினியில் எலும்பு மஜ்ஜை தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. சிவப்பணுக்கள் குறையும்போது அவற்றில் இருந்த இரும்பு சேமிப்புக்குத் திரும்புகிறது. அங்கே இரும்புக்குப் பஞ்சமில்லை, கட்டுமானத்துக்கு வேண்டிய சக்திக்குத்தான் பஞ்சம். அந்த மாத்திரை செய்தது ஏற்கெனவே மந்தமாகியிருந்த குடலை இன்னும் இறுக்கியதுதான். வயிறு உப்பிக் கனப்பதால் அவள் அடுத்த வேளையையும் தள்ளினாள். கடுமையான சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்கு, அவர்கள் நன்றாக உண்டு எடை ஏறத் தொடங்கும்வரை இரும்பு கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. இரும்பை நிறுத்தினோம்.

பசி டானிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மருந்துக்கடைகளில் இப்பெயரில் விற்பவற்றுள் பல சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்தைக் கொண்டவை. தூக்கமும் ஓரளவு பசியும் வரும். இந்தச் சிறுமிக்குப் பசி இல்லாமல் இல்லை. இரவில் பசியால் தூக்கம் வராமல் சமையல் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்குத் தானே தோசை வார்த்துக் கொடுத்து, அவன் முழுவதையும் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எடை கூடிவிடுமோ என்ற அச்சம் பசியை அடக்கி வைத்திருந்தது. பசியை மேலும் தூண்டினால் அந்த அச்சம்தான் வளரும்.

புரோட்டீன் பவுடர் வேறு வகைக் கேடு செய்தது. அதை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். பாலில் கலக்காமல் தண்ணீரில் ஒரு கரண்டி கலந்து குடித்துவிட்டு, அதையே காலை உணவாகக் கணக்கு வைத்தாள். டப்பாவின் பின்புறத்தில் புரதம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் கிராம் கணக்கில் அச்சிடப்பட்டிருப்பது அவளுக்கு வசதியாக இருந்தது. அம்மா கை அளவில் ஊற்றும் நெய்க்கு அப்படி அச்சிட்ட கணக்கு கிடையாது. எல்லாச் சத்தும் மாத்திரையிலேயே வந்துவிடுகிறது, சாதம் எதற்கு என்று அவள் வாதிட்டாள். சத்து மாத்திரைகள் நோய்க்கு எதிராக நிற்கவில்லை, நோயின் பக்கம் நின்று பேசின. வளரிளம் பருவத்தினரின் உணவுச் சிக்கல்களில் இதுவே எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

இவை தவிர, சோர்வுக்காக அவளுக்கு வெளியில் இருமுறை குளுக்கோஸ் ஏற்றப்பட்டிருந்தது. 5 விழுக்காடு குளுக்கோஸ் கொண்ட அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு வாழைப்பழம் தரும் சக்திக்குமேல் அதில் இல்லை. ஆனால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடலுக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது ஆபத்து. சர்க்கரையை எரிக்கத் தயமின், அதாவது வைட்டமின் பி1, வேண்டும். இருக்கிற கொஞ்சமும் செலவாகிவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். நல்ல வேளையாக அப்படி எதுவும் நேரவில்லை.

முதல் பத்து நாட்கள்

சேர்த்த அன்று, முதல் வேளை உணவுக்கு முன்பாகவே 100 மில்லிகிராம் தயமின் கொடுத்தோம். கட்டைப்பையில் இருந்த எட்டுப் பொருள்களில் அந்த அளவில் இது எதிலும் இல்லை. அதன் பிறகே உணவு. பட்டினி கிடந்தவர் திடீரென உண்ணும்போது வரும் அபாயத்தை மருத்துவ உலகம் இரண்டாம் உலகப்போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் கண்கூடாகக் கண்டது. சோறு கிடைத்த பிறகு அவர்களில் சிலர் இறந்தார்கள். இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறோம். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் இரத்தத்திலிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் இழுத்துக்கொள்கிறது. உடலின் மொத்தச் சேமிப்பு ஏற்கெனவே வற்றியிருப்பதால் இரத்தத்தில் அவற்றின் அளவு சரிகிறது. பாஸ்பேட் மிகவும் சரிந்தால் இதயத் தசையும் மூச்சுத் தசையும் செயலிழக்கும். முதல் நாள் எடுத்த பரிசோதனை இயல்பாக இருக்கிறதே என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. சரிவு வருவது உணவு தொடங்கிய பிறகுதான்.

அவளுக்கும் அப்படியே நடந்தது. முதல் நாள் பாஸ்பேட் டெசிலிட்டருக்கு 3.3 மில்லிகிராம், மூன்றாம் நாள் காலையில் 2.4. உணவைக் குறைக்கவில்லை. வாய்வழியாகப் பாஸ்பேட் கொடுத்து, நாளுக்கு மூன்று தம்ளர் பாலையும் உறுதிப்படுத்தினோம். 100 மில்லி பசும்பாலில் 90 முதல் 100 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது என்பதால், பால் இங்கே வெறும் உணவாக மட்டும் நிற்கவில்லை. ஆறாம் நாள் அளவு 3.6க்கு ஏறியது.

எவ்வளவு உணவில் தொடங்குவது என்பதில் நெடுங்காலம் அச்சமே ஆட்சி செய்தது. மிகக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றினால் முதல் வாரத்தில் எடை இன்னும் குறையும். மருத்துவமனை நாட்கள் நீளும். அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளில் நடத்தி 2021இல் முடிவுகள் வெளியான சமவாய்ப்பு ஆய்வில், நாளுக்கு 2,000 கலோரியில் தொடங்கி தினமும் 200 கூட்டிய குழு, 1,400 கலோரியில் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் கூட்டிய குழுவைவிட ஏறக்குறைய மூன்று நாள் முன்னதாக உடல்நிலை சீரடைந்தது. தாது உப்புகளின் சரிவு அதிகமாகவில்லை. அன்றாடம் இரத்தம் பரிசோதிக்க வசதியிருந்த எங்கள் இடத்தில் 1,600 கலோரியில் தொடங்கி நாளுக்கு 200 கூட்டினோம்.

உணவு அவள் வீட்டில் புழங்கியதே: இட்லி, நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி, பருப்பும் நெய்யும் சேர்த்த சாதம், கெட்டித் தயிர், முட்டை, வாழைப்பழம், கடலை மிட்டாய். மூன்று வேளை உணவு, மூன்று இடைவேளைச் சிற்றுணவு. ஒவ்வொரு வேளைக்கும் அரை மணி நேரம். அதற்குள் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதே அளவு கலோரியுள்ள ஊட்டச்சத்துத் திரவத்தை அடுத்த 15 நிமிடத்துக்குள் குடித்தாக வேண்டும். ஊட்டச்சத்துத் துணைப்பொருள்களில் இந்த நோய்க்கு நேரடியாகச் சிகிச்சைப் பயன் தரக்கூடியது என்று நான் கருதுவது இது ஒன்றைத்தான். பொடியைத் தண்ணீரில் கலந்தால் நம்மூர்த் தயாரிப்புகள் பொதுவாக மில்லிக்கு ஒரு கலோரி தரும். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, தாதுக்கள் எல்லாம் அதில் உண்டு. வெறும் புரோட்டீன் பவுடரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஐந்தாம் நாள் மதியம் தயிர்சாதத்தில் பாதி மிஞ்சியது. 250 மில்லி தம்ளர் வந்தது. அவள் ஸ்பூனால் அதைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். நுரை அடங்கட்டும் என்றாள். சூடு ஆறட்டும் என்றாள், அது ஆறிப்போய்த்தான் இருந்தது. தாய் கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. "குடிச்சுரு சாமி, நான் இங்கயேதான் இருக்கறேன்" என்று மூன்று நான்கு முறை ஒரே குரலில் சொன்னார். பதினான்காவது நிமிடத்தில் தம்ளர் காலியானது. அப்படிச் சொல்லவும், சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கவும் அந்தத் தாய்க்கு முந்தைய இரண்டு நாட்கள் எங்கள் உளவியலாளர் பயிற்சி கொடுத்திருந்தார்.

இந்தத் திரவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எட்டாம் நாளிலிருந்து அவள் சாப்பாட்டை வேண்டுமென்றே மிச்சம் வைத்துத் தம்ளரைக் கேட்கத் தொடங்கினாள். மென்று விழுங்குவதைவிடக் குடிப்பது அவளுக்கு எளிது. அளவும் தெரிந்தது, எண்ணெய் கண்ணில் படுவதில்லை. எடை ஏறினால் போதும் என்று அதை அனுமதித்திருந்தால், வீட்டுக்குப் போன பின் இட்லித் தட்டின் முன் அவள் பழையபடி நின்றிருப்பாள். ஆகவே மிச்சத்துக்கு ஈடான திரவத்தின் அளவைச் சற்றுக் கூட்டி வைத்தோம். உணவே லாபம் என்ற நிலை வந்ததும் தம்ளர் தானாகக் குறைந்தது.

மினசோட்டா காட்டியது

வைட்டமினும் புரதமும் கூடுதலாகக் கொடுத்தால் பட்டினியிலிருந்து உடல் விரைவாக மீளுமா என்ற கேள்விக்கு 1945இலேயே சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் தலைமையில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தார்கள். மீட்புக் காலத்தில் அவர்களைக் கலோரி அளவின்படி நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் சிலருக்குக் கூடுதல் புரதமும் சிலருக்குக் கூடுதல் வைட்டமினும் கொடுத்தார்கள். மீட்சியை முடிவு செய்தது கலோரியே. புரதமும் வைட்டமினும் சொல்லத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பட்டினியின்போது அந்த ஆரோக்கியமான இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், உணவைப் பற்றியே பேசினார்கள், எரிச்சலும் மனச்சோர்வும் கொண்டார்கள். நம் சிறுமி இரவில் பார்த்த சமையல் காணொளிகளையும் தம்பிக்கு வார்த்த தோசைகளையும் பெற்றோருக்கு விளக்க எனக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைத்ததில்லை. "அப்ப இது புடிவாதம் இல்லீங்களா?" என்று தந்தை கேட்டார். இல்லை என்று சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

இதனால் சத்து மாத்திரைகள் எல்லாமே வீண் என்று பொருள் கொள்ளக் கூடாது. உணவிலிருந்தே போதுமான சத்து கிடைக்கும்வரை வயதுக்கேற்ற பல்சத்து மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்ள ஊக்குவிக்க வேண்டும் என்று மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நாங்களும் பல்சத்து மாத்திரை ஒன்றைத் தொடர்ந்தோம். ஆனால் அவள் கையில் கொடுக்காமல், உணவு முடிந்த பின் தாய் கொடுக்கும்படி மாற்றினோம். துத்தநாகத்தைப் பொறுத்தவரை, 1994இல் கனடாவில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில் துத்தநாகம் பெற்றவர்களின் உடல் நிறை குறியீட்டெண் இருமடங்கு வேகத்தில் ஏறியது. நம்பிக்கை தரும் முடிவுதான் என்றாலும், 35 பேர் மட்டுமே முடித்த ஆய்வை வைத்து எல்லோருக்கும் கொடுப்பது சரியல்ல என்பது என் கருத்து. நீண்ட நாள் மிகுதியாகக் கொடுத்தால் தாமிரச்சத்து குறையும். பல்சத்து மாத்திரையில் இருந்த அளவே போதும் என்று சிரப்பை நிறுத்தினோம். ஒமேகா-3ஐயும் நிறுத்தினோம்.

வைட்டமின் டி மட்டும் உண்மையிலேயே குறைந்திருந்தது, மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம். வெயில் கொளுத்தும் ஊரில் இது வியப்பாகத் தோன்றலாம். வீடு, பள்ளி, தனிவகுப்பு என்று நிழலிலேயே வளரும் பிள்ளைகளிடம் நாங்கள் அடிக்கடி காண்பதே. வாரம் ஒருமுறை 60,000 யூனிட் சாஷே, கால்சியம் முடிந்தவரை பாலிலும் தயிரிலும் என்று முடிவு செய்தோம். எலும்பு அடர்த்தி வயதுக்குரிய அளவைவிடக் குறைவாக இருந்தது. வாழ்நாள் முழுவதற்குமான எலும்பின் பெரும்பகுதி சேரும் வயது இது என்பதால் பெற்றோர் மிகவும் கலங்கினர். கால்சியமும் வைட்டமின் டியும் கட்டாயம் வேண்டும், ஆனால் அவை மட்டும் எலும்பைத் திருப்பித் தந்துவிடாது. எடையும் மாதவிடாயும் இயல்புக்குத் திரும்புவதே எலும்புக்கு முதன்மை மருந்து. மாதவிடாயை வரவழைக்க ஹார்மோன் மாத்திரை கேட்டார்கள், கொடுக்கவில்லை. அந்த மாத்திரையால் வரும் உதிரப்போக்கு, உடல் மீண்டுவிட்டது என்ற பொய்த் தோற்றத்தைத் தரும். எலும்புக்கும் அதனால் பயனில்லை.

வீட்டில்

17ஆம் நாள் 37.8 கிலோவில், நாடி 58இல் வீட்டுக்கு அனுப்பினோம். பிறகான சிகிச்சை, 1980களில் லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சை: என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்ற முடிவைச் சிறிது காலம் பெற்றோர் தம் கையில் எடுத்துக்கொள்வது, நிலை தேறத் தேறப் பிள்ளையிடம் திருப்பித் தருவது. வாரம் அரை கிலோ ஏற்றம் என்பதே இலக்கு. உடல் மீளும்போது செலவு கூடுவதால், நாளுக்கு 2,800 கலோரி கொடுத்தும் சில வாரங்கள் எடை நகரவில்லை. 3,000ஐத் தாண்ட வேண்டியிருந்தது. இவ்வளவு சாப்பாடா என்று பாட்டி மிரண்டார். தட்டின் அளவைக் கூட்டினால் அவள் மிரளுவாள் என்பதால், தோசைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் கூடுதல், பாலில் பாதாம் விழுது, சாம்பாரில் நெய் என்று அடர்த்தியைக் கூட்டினார் தாய். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் 45 கலோரி. நாளுக்கு ஆறு டீஸ்பூன் சேர்த்தால் பத்துச் சத்து மாத்திரைகள் தராததை அது தந்துவிடும். எண்ணெய் சேர்ப்பதை அவளிடம் மறைக்கவில்லை. மறைத்தால் நம்பிக்கை போய்விடும் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தோம்.

இரண்டாம் மாதம் ஒரு பின்னடைவு. பதினோராம் வகுப்பு தொடங்கியதும் பள்ளியில் மதிய டப்பா திறக்கப்படாமல் திரும்பியது. கட்டைப்பையில் வீட்டிலேயே கிடந்த பழைய புரோட்டீன் டப்பாவை அவள் எடுத்திருந்தாள். எடை 40இலிருந்து 38.6க்கு இறங்கியது. தந்தை மூன்று வாரம் மதிய இடைவேளையில் பள்ளிக்கே போய் வண்டி நிறுத்துமிடத்து வேப்பமர நிழலில் அவளுடன் உட்கார்ந்து சாப்பிட்டார். பழைய பையில் மிஞ்சியிருந்தவை அனைத்தும் அப்புறப்படுத்தப்பட்டன. வெளிநோயாளியாகச் சேர்க்கும் எந்தப் பிள்ளையின் வீட்டிலும் இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுவது நல்லது.

ஏழாம் மாதம் எடை 48. எட்டாம் மாதம் மாதவிடாய் தானாக வந்தது. அதே மாதம் எடுத்த பரிசோதனையில், இரும்பு மாத்திரை எதுவும் இல்லாமலேயே ஹீமோகுளோபின் 12.3. முடி உதிர்வது மட்டும் நடுவில் சில மாதங்கள் கூடியது. எடை ஏறும் காலத்தில் பலருக்கும் அப்படி நேர்வதுண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், பயோட்டின் பக்கம் யாரும் திரும்பவில்லை. கொழுப்பு சேர்ந்த உணவைக் கண்டால் அவளுக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார அவளுக்குத் துணை வேண்டியிருக்கிறது. உளவியல் அமர்வுகள் மாதம் இருமுறை தொடர்கின்றன. பல்சத்து மாத்திரை பதினோராம் மாதத்தில் நிறுத்தப்பட்டது. வைட்டமின் டி அளவு 32க்கு வந்து, பராமரிப்பு அளவில் தொடர்கிறது. உயரம் ஒரு சென்டிமீட்டர் கூடியிருப்பதால் இலக்கு எடையை 50க்கு உயர்த்தியிருக்கிறோம். எலும்பு அடர்த்தியை அடுத்த கோடையில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.